ஐந்தாவது தாள்

வானொலியில் வாழ்த்துச் சொல்வதைப் போலச் சுலபமான வேலை வேறு இல்லை. பெயர், ஊர், உறவுமுறை, ஒரு பாட்டு. பதினோரு வருடமாகச் செய்கிறேன். நாக்கு தானாக ஓடும். அப்படி ஓடிய ஒரு வாழ்த்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, ரிங்லெட்டிலிருந்து ஒரு மாமா நிகழ்ச்சிக்கு அழைத்தார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "எங்க அக்கா மவ வக்கீலுக்குப் படிச்சு முடிச்சிருச்சும்மா. தோட்டத்துலேயே மொத வக்கீலு. ஒரு பாட்டுப் போடுங்க" என்றார். குரலிலேயே அவருடைய பூரிப்பு தெரிந்தது. நான் சும்மா இருப்பேனா? பெண்ணின் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் சொல்லி, "தேயிலைக் காட்டிலிருந்து நீதிமன்றத்துக்கு" என்று ஒரு வசனமும் சேர்த்து, கைத்தட்டல் ஓசையோடு பாட்டைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து நிகழ்ச்சியின் புலன எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நீங்க வாழ்த்துச் சொன்ன ஆள் நான்தான். சி.எல்.பி. முடிவு வந்திருச்சு. ரெண்டு பேப்பர் போயிருச்சு. அடுத்த தடவை மாமா போன் பண்ணா, தயவுசெஞ்சு என் பேரைச் சொல்லாதீங்க. லயமே ரேடியோ கேட்டுச்சு."

மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினேன். "பரவால்லக்கா" என்று ஒரே சொல் வந்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது பேசிக்கொண்டோம். இந்தத் தேர்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நான் படித்தது ஊடகத்துறை. பட்டம் வாங்கிய மறுமாதமே மைக் முன்னால் உட்கார்த்திவிட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகும் ஒருவரை இப்படி நிறுத்தி வைக்கும் படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆகித் திரும்பியவர்களுக்கும் கிடையாது. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் மட்டும் கையில் உள்ளவர்கள், சட்டத்தொழில் தகுதி வாரியம் நடத்தும் சி.எல்.பி. தேர்வில் தேறினால்தான் இங்கே வழக்கறிஞர் ஆக முடியும். 1984-இல் வந்தது இது. அந்தக் காலத்தில் லண்டனில் பாரிஸ்டர் தேர்வுக்கான வாசல் நம் மாணவர்களுக்குக் குறுகியதால், பட்டத்தோடு திரும்பி வந்து நின்றவர்களுக்கு ஒரு தற்காலிக வழியாகத் திறந்தார்கள். 40 ஆண்டு கடந்தும் அந்தத் தற்காலிகம் முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே பொதுப் பயிற்சி கொண்டுவரலாம் என்ற பேச்சும் பல ஆண்டுகளாகப் பேச்சாகவே இருக்கிறது.

தாள்கள் ஐந்து: பொதுத்தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்நடைமுறை. ஐந்திலும் தேற வேண்டும். நான்கில் தேறி ஒன்றில் தவறினால், அந்த ஒன்றை மட்டும் மறுதேர்வாக எழுதலாம். இரண்டில் தவறினால்? ஐந்தையும் மறுபடி எழுத வேண்டும். தேறிய மூன்றும் தேறாததாகிவிடும்.

இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. என் தம்பி கணக்கியல் படிக்கிறான், ஏ.சி.சி.ஏ. அதில் மொத்தம் 13 தாள். ஒன்றொன்றாகத் தேறிக்கொண்டே போகலாம், தேறியது கையில் நிற்கும். தவறினால் அந்த ஒரு தாளுக்குத்தான் அழுகை. இங்கே ஒரு பிள்ளை மூன்று தாளில் தேறி, ஒரு வருடம் கழித்து அதே மூன்று தாளை, அதே பயத்தோடு, மறுபடி எழுத வேண்டும். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய வீடும் விடுதலையும் வழக்கறிஞர் கையில் இருக்கும்போது அந்தக் கையைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை நிரூபித்ததை மறுபடி நிரூபி என்பதற்கு எனக்கு எவரும் நியாயமான காரணம் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பட்டம் முடித்ததும் லண்டனிலேயே தங்கி பாரிஸ்டர் பயிற்சியையும் முடித்துவிட்டு வரும். கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். அந்தப் பிள்ளைக்கு சி.எல்.பி. இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லிருந்தே, அங்கே போகாமல் ஊரிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழி வைத்திருக்கிறது. பகலில் கோலாலம்பூர்க் கடையில் கல்லாவில் நின்று, இரவில் அந்த வழியில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை சி.எல்.பி. எழுத வேண்டும். என் தோழி, இனி அவளைத் தோழி என்றே சொல்கிறேன், இரண்டாவது வகை.

இந்த ஆண்டு அவள் ஐந்தையும் மறுபடி எழுதினாள். முடிவு வந்தது. நான்கு தேறிவிட்டது. சாட்சியச் சட்டம் மட்டும் போய்விட்டது. மறுதேர்வுக்குப் படிக்கத் தோட்டத்துக்கே போய்விட்டாள்; கோலாலம்பூரில் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை. "வாங்கக்கா, பசியாறிட்டுப் போலாம்" என்று அழைத்தாள். ஒரு ஞாயிறு விடியற்காலை காடியை எடுத்தேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முக்கால்வாசி வளைவு. பகாங் மாநிலத்து மலைக்குப் பேராக் பக்கமிருந்து ஏறுகிறோம். ரிங்லெட் தாண்டியதும் குளிர் கண்ணாடியில் தெரிய ஆரம்பித்தது. ஜே.ஏ. ரஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இந்தச் சரிவுகளைக் காடழித்துத் தேயிலையாக்கிய கைகளில் நம்மவர்களின் கைகள் ஏராளம். இன்று அதே லயங்களில் நேப்பாளமும் வங்காளதேசமும் பேசுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. அதனால்தான் எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். ஒருமுறை செய்த தப்பு போதும்.

அவள் வீட்டில் படிக்கும் மேசை சமையலறையில் இருந்தது. அடுப்புச் சூட்டுக்காக. சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன, எல்லாம் பிரிவு எண்கள். இயங்கலை வகுப்பு என்றால் முனியாண்டி கோயில் வளைவுக்குப் போய் நிற்பாளாம், அங்கேதான் சிக்னல் நிற்கும். மழை பெய்தால் கோயில் கூரைக்குள். "முனியாண்டிக்கே பாதிச் சட்டம் தெரிஞ்சிருக்கும்கா" என்றாள்.

தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், சாட்சியச் சட்டத்தில் என்ன அவ்வளவு கஷ்டம் என்று. முகம் மாறியது, வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், இந்தியாவில் 1872-இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தின் அச்சு. இந்தியா 2024 ஜூலையில் அந்தப் பழைய சட்டத்தை மாற்றிவிட்டது, நாம் வைத்திருக்கிறோம். 101-ஆவது பிரிவு: ஒன்றை இருக்கிறது என்று சொல்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். அப்புறம் செவிவழிச் சாட்சியம். இன்னொருவர் சொன்னதாக ஒருவர் வந்து சொல்வதைப் பொதுவாக நீதிமன்றம் ஏற்காது. ஆனால் விதிவிலக்குகள் வரிசைகட்டி நிற்கும். கேள்வியில் ஒரு கதை கொடுப்பார்கள். எந்தப் பிரிவு, எந்த விதிவிலக்கு, நம் நீதிமன்றங்கள் எந்த வழக்கில் என்ன சொன்னது என்று நேரத்துக்குள் எழுத வேண்டும். "எல்லாம் தெரியும்கா. கடிகாரத்தைப் பார்த்தா வழக்கோட பேரு மறந்துடும்."

பிறகு சிரித்தாள். "லயத்துல என்னைப் பத்தி ஓடுறது முழுக்க செவிவழிச் சாட்சியம்தான். மூணு தடவை பெயிலுங்கறாங்க. கல்யாணம் நின்னு போச்சுங்கறாங்க. இங்க மட்டும் எல்லாத்தையும் ஏத்துக்கறாங்க."

கட்டணம் எப்படி என்று கேட்டேன். அப்பாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காக எடுத்தது கொஞ்சம். மீதி அம்மா கூட்டுக் கட்டிப் பிடித்தது. "கூட்டு நடத்தக்கூடாதுன்னு 1971-லேயே சட்டம் இருக்குக்கா. அந்தச் சட்டத்தை நான் படிச்சதே அந்தக் கூட்டுக் காசுலதான்." இதை அம்மாவிடம் சொன்னாயா என்றேன். "சொன்னா அடுத்த மாசத் தவணையை நீ கட்டும்பாங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாத்தா வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே தேசியப் பதிவிலாகாவின் கடிதம். இந்த நாட்டிலேயே எழுபது வருடம் வாழ்ந்தும் இன்னமும் சிவப்பு அடையாள அட்டைக்காரர். கடிதம் மலாயில். அவள் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். எந்தத் தாள் குறைகிறது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், சட்ட உதவி எங்கே கேட்கலாம் என்றும் சொன்னாள். தாத்தாவுக்குத் திருப்தியில்லை. "நீயே ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு தாயி" என்றார்.

"அது முடியாது தாத்தா. நான் இன்னும் வக்கீல் இல்ல."

"ரேடியோவுலயே சொன்னாங்களே!"

எனக்குத் தோசை தொண்டையில் நின்றது. தாத்தாவுக்கு என்னைத் தெரியவில்லை, நல்லவேளை.

அவர் போன பிறகு அவள் விளக்கினாள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. உரிமம் இல்லாதவர் வழக்கறிஞரைப் போல் செயல்படுவது குற்றம். "ஒரு தாளு, அக்கா. அந்த ஒரு தாளு இருந்தா அவருக்கு நான் எழுதலாம்" என்றவள், உடனே திருத்திக்கொண்டாள். "இல்ல, அதுக்கப்புறமும் ஒம்போது மாசம் சேம்பரிங் இருக்கு." தேறினாலும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி. அந்தக் காலத்தில் கையில் வருவதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. கூட்டுத் தவணை மட்டும் மாதா மாதம் வரும்.

அழுத்தம் என்று நாம் பொதுவாகப் பேசுவோம், பாடம் அதிகம், தூக்கம் குறைவு என்று. அன்று அந்தச் சமையலறையில் எனக்கு வேறொன்று தெரிந்தது. வக்கீல் என்ற பெயர் அவளுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. மாமா கொடுத்தார், தாத்தா கொடுத்தார், நான் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தேன். அவளோ வாங்கிய கடனைப் போல அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, அதற்கு ஈடாக ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மதியம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சரிவில் பச்சை வெட்டிய வரிசையும் வெட்டாத வரிசையுமாகக் கோடு கோடாக இருந்தது. பேச்சு சட்டத் திருத்தங்களுக்குப் போயிற்று. புதிது புதிதாக மாறிக்கொண்டே இருக்கும், அதையும் படிக்க வேண்டும் என்றவள், சாதாரணமாகச் சொன்னாள்: "309-ஐ எடுத்துட்டாங்கல்ல, 2023-ல."

தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. ஓராண்டு வரை சிறை. அதை நீக்கும் மசோதாவை மக்களவை 2023 மே மாதம் நிறைவேற்றியது. அன்று செய்தி வாசித்தவள் நான். எத்தனையோ திருத்தங்கள் இருக்க, இவள் ஏன் இதைச் சொல்கிறாள்?

பேச்சை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நம் வீடுகளில் அப்படித்தானே செய்வோம், "அபசகுனமாப் பேசாதே" என்று. ஆனால் நிகழ்ச்சிக்காக ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவரைப் பேட்டி கண்டபோது அவர் சொன்னது நினைவிருந்தது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. கேட்டுவிட்டேன்.

"உனக்கு அந்த மாதிரி நினைப்பு வந்துச்சா?"

அவள் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருஷம். முடிவு வந்த அன்னிக்கு ராத்திரி. ஒரு தடவை." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா எழுந்து வந்தாங்க. ஏன் முழிச்சிருக்கேன்னு கேக்கல. மைலோ கலக்கிக் குடுத்துட்டு, விடியற வரைக்கும் பக்கத்துலேயே உக்காந்திருந்தாங்க. காலையில பெரட்டுக்குப் போயிட்டாங்க."

இப்போது? "இப்ப இல்லக்கா. இப்ப பயம் மட்டும்தான்." அடுத்த வாரமே தெரிந்த ஆலோசகர் ஒருவரிடம் பேசச் சம்மதித்தாள், பேசியும் வருகிறாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவள்தான். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டு எண்களைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் தொடர்பு எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. ஏன் என்று பிள்ளை கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள். கண்ணில் படட்டும்.

மாலையில் அவள் அம்மா வந்தார். ஞாயிறும் மேல்வேலை இருந்ததாம். அந்தக் காலத்தில் விரலால் கிள்ளிய கொழுந்தை இப்போது கைக்கத்தரியால் வெட்டுகிறார்கள். தோள் இறங்கிப் போயிருந்தது. எனக்குத் தேநீர் போட்டார். தோட்டத்துத் தேயிலை, ஆனால் கடையில் வாங்கியது. மகள் தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது, நான் கேட்காமலே சொன்னார்:

"அது என்ன பரிச்சைன்னு எனக்குத் தெரியாதும்மா. எத்தனை பேப்பருன்னும் தெரியாது. அது தூங்குதா இல்லையான்னு மட்டும் தெரியும்."

அதற்குப் பிறகு கத்தரிப் பிடியில் தோல் உரிவதைப் பற்றியும், அடுத்த வீட்டு நேப்பாளப் பெண் நன்றாகக் கிழங்கு வைப்பாள் என்றும் பேசிக்கொண்டிருந்தார். தேர்வைப் பற்றி அவர் பேசியது அந்த மூன்று வாக்கியம்தான்.

புறப்படும்போது நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்தாள். "மாமா மறுபடி போன் பண்ணுவாருக்கா. அவரை நிறுத்த முடியாது. எழுதி முடிச்சு, முடிவு வந்து, நான் சொல்ற வரைக்கும் வாழ்த்து மட்டும் வேணாம். அப்புறம், தாத்தா மாதிரி ஆளுங்க கேப்பாங்க. 'இன்னும் இல்ல, படிச்சிட்டு இருக்குது'ன்னு யாராவது சொன்னா போதும். நானே சொல்லிச் சொல்லித்தான் வாய் வலிக்குது."

சொன்னபடியே, மறுதேர்வுக்கு முந்திய சனிக்கிழமை இரவு மாமா அழைத்தார். அதே பூரிப்பு. "நாளன்னிக்குப் பரிச்சைம்மா. நம்ம வக்கீலுக்கு ஒரு வாழ்த்து!" ஒலிபரப்பில் போகாமல் தனியாகத்தான் பேசினேன். "மாமா, அது இன்னும் படிச்சிட்டு இருக்குது. பாட்டு கண்டிப்பாப் போடறேன். பேரு வேணாம்" என்றேன். சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்றார். "அதுக்குப் பேரு வேணாம்னா சரி. என் பேரையாச்சும் சொல்லலாம்ல?"

அவர் பெயரைச் சொல்லி, ரிங்லெட்டிலிருந்து அவர் கேட்ட பாட்டு என்று போட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பாட்டு பாதி ஓடும்போது புலனத்தில் ஒரு செய்தி வந்தது: "கேட்டுட்டு இருக்கேன்கா. படுக்கப் போறேன்."